பூத்துத் தொலைத்த மரம்

மரம் தெரிந்தவர்கள் ஒரு ரகம். மரத்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தின் அசல் மாதிரியைப் பார்க்க ஆசையா? அரசு மரப்பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெயில் படாத நெற்றி, மண் ஒட்டாத செருப்பு, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர்தான் தோட்டக்கலை அலுவலர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர், 'பலகை சார்'.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழி தோண்டினார், பதியம் போட்டார், நகக்கண்ணில் மண்ணோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் திட்டு வாங்கினார். முதல் பதவி உயர்வில் மண்வெட்டி போனது. இரண்டாவதில் கத்தரிக்கோல் போனது. மூன்றாவதில் சந்தேகமே போய்விட்டது. பிறகு எதற்கு மரத்தைப் பார்க்க வேண்டும்? அதில் மாட்டிய பெயர்ப்பலகையைப் பார்த்தால் போதாதா? எழுதியவரே அவர்தானே!

எட்டு வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு தீவிலிருந்து விதைப் பொட்டலம் ஒன்று வந்தது. முளைத்தது ஒன்றே ஒன்று. உடனே அதைச் சுற்றிக் கம்பிவேலி, சலவைக்கல் மேடை, வாய்க்குள் நுழையாத பெயரோடு பித்தளைப் பலகை. செடி மரமாகத் தொடங்கியதும் வெயில் போதவில்லை என்று கண்டுபிடித்தார். பக்கத்தில், வருகிறவர்களெல்லாம் நிழலுக்கு ஒதுங்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. அதை வெட்டச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரம்மா தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், வேலிக்குள்ள இருக்கறதும் சாயங்காலமானா இலையை மூடிக்குது. அதுவும் தூங்குமூஞ்சிதான்னு தோணுது. பெரிசை வெட்ட வேண்டாமே."

"அபூர்வ மரத்துக்குத் தூக்கம் வரக்கூடாதா? நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

மூன்றாம் நாள் மரம் விழுந்தது. நான்காம் நாள் அந்த அம்மாவை உரக்குழிக்கு மாற்றினார்கள்.

இந்த வருடம் அபூர்வ மரம் பூத்தது. விடுவாரா மனிதர்? பந்தல் போட்டு, மைக் வைத்து, துறை இயக்குநரை அழைத்து வந்து முதல் நாற்காலியில் உட்கார வைத்தார். மனைவியும் வந்து மைக்கின் பக்கத்தில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். மேலே கொத்துக் கொத்தாக, பவுடர் பூசும் பஞ்சுபோல இளஞ்சிவப்புப் பூக்கள்.

"என்னங்க, நம்ம பஸ் ஸ்டாப்ல நிக்கற தூங்குமூஞ்சிதானே இது?"

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

 பலகை சாரும் அண்ணாந்து பார்த்தார். எட்டு வருடத்தில் முதல்முறையாகப் பலகைக்கு மேலே. தெரிந்துவிட்டது. பந்தலுக்குப் பக்கத்திலேயே, வெட்டிய தூங்குமூஞ்சியின் அடிக்கட்டை நின்றது. 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், பாவம். வந்தது வேறு.

"அதுதான் என் கண்டுபிடிப்பே! நம்ம மண்ணுல வளர்ந்தா, அபூர்வ மரம்கூட உள்ளூர் மரம் மாதிரியே பூக்கும்!"

இயக்குநர் கைதட்டினார். அவருக்கும் பலகைதான் தெரியும். அடுத்த மாதமே நான்காவது பதவி உயர்வு வந்தது.

ஆனாலும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உரக்குழிக்கே போனார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. அது என்ன மரம்?"

சருகைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்களோ, அதுதான் சார்."

அப்பாடா என்று திரும்பி நடந்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார் என்று கேள்வி.

உங்கள் அலுவலகத்து ஆள் யாரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள் இல்லையா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், தெரியாத விஷயம் ஒன்றைப் பற்றி வீட்டில் அடித்துப் பேசிவிட்டு, "நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் பிழைத்தீர்கள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் மட்டும் வந்தால், கொஞ்சம் பயப்படுங்கள்.