அதோ, மூன்றாவது கம்பத்துக்கு வலப்பக்கம்

உலகத்தில் பறவை பார்ப்பவர்கள் உண்டு. பறவை காட்டுபவர்களும் உண்டு. முன்னவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. நான் சொல்ல வந்தது பின்னவரைப் பற்றி. புள்ளி தெரிந்தால் பருந்து என்பார். பருந்தே தெரிந்தால் ஆணா பெண்ணா, சாப்பிட்டதா இல்லையா என்பதுவரை சொல்வார். வானம் வெறுமையாக இருந்தால், "நீங்க வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் போச்சு" என்பார். நீங்கள் எப்போது போனாலும் அந்த இரண்டு நிமிடம் குறையாது.

கனடாவின் சஸ்காச்செவன் சமவெளியில் அவருக்கு வெண்டெல் தீசன் என்று பெயர். ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில், மைனஸ் முப்பத்தொன்றில், இமையோடு இமை ஒட்டிக்கொள்ளும் காற்றில், இரண்டு நண்பர்களை இழுத்துக்கொண்டு பனி ஆந்தை காட்டக் கிளம்பினார். வண்டி ஓட்டியவள் மார்லிஸ். பின் இருக்கையில் ஒரெஸ்ட்.

ஒரெஸ்ட் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே தலை நரைத்தவர். வடதுருவத்திலிருந்து குளிருக்கு இறங்கிவரும் ஆந்தைகள் ஊரிலுள்ள எல்லார் வேலியிலும் உட்கார்ந்திருக்கின்றன, இவர் கண்ணில் மட்டும் ஒன்றுகூடப் பட்டதில்லை. வீட்டை விற்றாகிவிட்டது. பனி உருகியதும் மகளோடு இருக்க மேற்குக் கடற்கரைக்குப் போகிறார். அங்கே மழைதான் உண்டு, ஆந்தை கிடையாது. இந்தக் குளிர்காலத்தை விட்டால் இல்லை.

இந்த மூவர் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாரும் பார்க்கும்வரை வண்டி நகராது. எல்லாரும் பார்த்துவிட்ட பறவைக்கு அன்றைக்கு மறுபடி வண்டி நிற்காது. வகுத்தவர் யாரென்று சொல்ல வேண்டுமா?

"நிறுத்து," என்றார் வெண்டெல். மூவரும் இறங்கினார்கள். "ஒரெஸ்ட், அந்த வேலியப் பாரு. மூணாவது கம்பம். வலப்பக்கம் ஒரு புதர். புதர விடு. அதுக்கு அந்தாண்ட, வெள்ளையா."

"எல்லாமே வெள்ளையாத்தானப்பா இருக்கு."

"அதுல கொஞ்சம் வேற வெள்ளை."

மார்லிஸ் பைனாகுலரைத் தூக்கினாள். கால்விரல்கள் தன்னுடையவைதானா என்ற சந்தேகம் அவளுக்கு வந்து வெகுநேரமாகியிருந்தது. அந்த நிலையில் யானையைக் காட்டியிருந்தாலும் பார்த்திருப்பாள். "ஆமா, தெரியுது. தலையக்கூடத் திருப்புச்சே."

ஒரெஸ்ட் பார்த்தார். மூச்சுப் பட்டு பைனாகுலர் கண்ணாடி மங்கியது, துடைப்பதற்குள் உறைந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பார்த்தார். வெள்ளையாக, உருண்டையாக ஏதோ இருந்தது.

"கண்ணு தெரியலையே."

"தூங்குதுய்யா."

"இப்பத்தான தலையத் திருப்புச்சுன்னா இவ?"

"தூக்கத்துல திருப்பாதா? நீ புரண்டு படுக்கறதில்ல?"

மார்லிஸ் அவர் தோளைத் தொட்டாள். "ஒரெஸ்ட், உன்மேல எனக்கு ரொம்பப் பாசம்தான். ஆனா வண்டி பேட்டரி செத்துச்சுன்னா மூணு பேரும் விறைச்சுக் கிடக்கவேண்டியதுதான். சட்டுபுட்டுன்னு பாரேன்."

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மனிதர், சிநேகிதியின் நீலம்பாய்ந்த உதட்டைப் பார்த்தார். "பார்த்துட்டேன்," என்றார்.

வெண்டெல் அவரைக் கட்டித் தழுவினார். பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றினார். "எப்படி இருந்துச்சு, சொல்லு."

"வெள்ளையா இருந்துச்சு."

அப்போது ஒரு குடியானவனின் டிரக் வயலுக்குள் இறங்கி வந்தது. புதருக்கு அந்தாண்டை நின்றது. ஆள் இறங்கினான், குனிந்தான், ஆந்தையை எடுத்தான், பூட்ஸில் இரண்டு தட்டுத் தட்டிப் பனியை உதிர்த்தான், வண்டிக்குள் வீசிவிட்டுப் போனான். கைப்பிடியுள்ள நல்ல வாளி. காற்றில் அசைந்த அந்தக் கைப்பிடிதான் தலையைத் திருப்பியிருக்க வேண்டும்.

மார்லிஸ் தன் கையுறையைத் தீவிரமாக ஆராய்ந்தாள்.

"பாத்தீங்களா," என்றார் வெண்டெல், குரல் கொஞ்சமும் இறங்காமல். "அந்த வாளி மேலதான் உக்காந்திருந்துச்சு. டிரக் சத்தத்துல பறந்துருச்சு."

"எங்க பறந்துச்சு? நான் பாக்கலையே."

"தாழப் பறக்கும். நீ கவனிக்கல."

திரும்பும் வழியில் ஒரெஸ்ட் பின் கண்ணாடியின் உறைபனியை நகத்தால் சுரண்டி, காசளவு ஓட்டை போட்டார். அந்த ஓட்டைக்கு நேரே, சாலையோர மின்கம்பத்தின் உச்சியில், அது உட்கார்ந்திருந்தது. கழுத்தை மெல்லத் திருப்பி, இரண்டு மஞ்சள் கண்களாலும் அவரைப் பார்த்தது.

"நிறுத்து மார்லிஸ். ஆந்தை. கம்பத்து மேல."

வெண்டெல் திரும்பவேயில்லை. "முதல் ஆந்தையப் பாத்தவங்களுக்கு இது வர்றதுதான். அப்புறம் பாக்கறதெல்லாம் ஆந்தையாத்தான் தெரியும்."

"கண்ணு மஞ்சளா இருக்குய்யா."

"கம்பத்துல கம்பி கட்டுற பீங்கான் அது."

"நீதான் காலையிலயே பாத்துட்டியே, ஒரெஸ்ட்," என்றாள் மார்லிஸ். ஆக்சிலரேட்டரில் வைத்த காலை எடுக்கவில்லை. சட்டம் சட்டம்தானே?

காசளவு ஓட்டையில் கம்பம் சிறுத்தது. ஆந்தையும் சிறுத்தது. கடைசியில் அது வானத்தில் கொஞ்சம் வேற வெள்ளையாக மட்டும் தெரிந்தது. ஓட்டை மறுபடி உறையும்வரை ஒரெஸ்ட் கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கு அவர் கணக்கில் இருப்பது இரண்டு சாட்சிகளோடு ஒரு வாளி; கண்ணில் இருப்பது சாட்சியில்லாத ஓர் ஆந்தை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரி, யாரோ விரல் நீட்டிய திசையில், குளிருக்கோ கூட்டத்துக்கோ பயந்து, "ஆமா, தெரியுது" என்று நீங்கள் கடைசியாகத் தலையாட்டியது எப்போது? ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் ஜாக்கிரதை. தலையாட்டியவருக்கு எப்படியும் ஞாபகம் இருக்கும். விரல் நீட்டியவருக்குத்தான் இருக்காது.