செயற்கைக்கோள் பார்த்த புகை

"அடைக்காதீங்க! அதை அடைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே, ஜீப் நிற்பதற்குள் குதித்தவர் ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

முனீஸ்வரி கையில் ஈரமண்ணோடு கரிமூட்டத்தின் மேல் குனிந்திருந்தாள். வெள்ளைப் புகை மெலிந்து நீலம் பாயத் தொடங்கியிருந்தது. இப்போது ஓட்டைகளை மண் வைத்து அடைத்தால் உள்ளே கிடக்கும் கருவேல விறகு கரியாகும். விட்டால் சாம்பலாகும். இந்தக் கரி ஒழுங்காக லாரியில் ஏறினால்தான் கரி வாங்கும் வீரசோழன் பாய் அடுத்த கருவேலங்காட்டை வெட்டுவதற்கு இவளிடமும் புருசனிடமும் விடுவார். இல்லையென்றால் மழைக்காலம் முழுக்கப் புருசனும் பொண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"ஆருய்யா நீங்க? அங்கிட்டே நில்லுங்க. காலு பொசுங்கிரும்."

வந்தவர் அங்கேயே நின்று மூச்சு வாங்கினார். பெயர் சதீஸ்குமார். பொருளாதார மீட்சி உணர்த்துகை அலுவலர், ஒப்பந்த அடிப்படையில்.

நாட்டில் பொருளாதார மீட்சி ஏற்பட்டுவிட்டது என்று முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது ஏற்பட்டதைப் பொதுமக்கள் உணரவில்லை என்பது பின்னர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வந்துவிட்ட மீட்சியை உணராமல் இருப்பது மக்களிடம் உள்ள குறைபாடு என்று முடிவு செய்யப்பட்டு, அதை நிவர்த்தி செய்ய அருப்புக்கோட்டையில் ஒரு மாடி வாடகைக்கு எடுக்கப்பட்டது. அந்த மாடியிலிருந்துதான் சதீஸ்குமார் வருகிறார்.

"புகை நிக்கக் கூடாதும்மா. இங்க ஃபேக்டரி எங்க இருக்கு?"

"எந்த ஃபேக்டரி?"

"புகை வர்ற ஃபேக்டரி. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவுல புதுசா ஒரு தொழிற்சாலை வந்திருக்கு. செயற்கைக்கோள் படத்துல புகை தெளிவா விழுந்திருக்கு."

"இந்தப் பொட்டல்ல புகையிறது இது ஒண்ணுதான்யா."

சதீஸ்குமார் தன் போனைப் பார்த்தார். மூட்டத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"அப்ப இதுதான்."

"இது கரிமூட்டம்யா."

"இனிமே அப்படிச் சொல்லக் கூடாதும்மா. அறிக்கை வெளியாயிருச்சு. மேலயிருந்து பாராட்டும் வந்திருச்சு. இது தொழிற்சாலைதான். நாளைக்கு மதியம் செயற்கைக்கோள் மறுபடி இந்தப் பக்கம் வரும். அப்பப் புகை இல்லைன்னா மாவட்டமே மந்தநிலைக்குப் போயிருச்சுன்னு ஆயிரும்."

"புகைதான வேணும்? பச்சைத் தழையைக் குவிச்சு அந்தா, அந்தப் பனைமரத்துக்கிட்ட மூட்டி விடுறேன். உங்க மனசு குளிர்ற வரைக்கும் புகையும்."

சதீஸ்குமார் பதறிப்போனார். "ஐயய்யோ! அங்க புகைஞ்சா தொழிற்சாலை இடம் மாறுனதா அர்த்தம். முதலீடு வெளியேறிருச்சும்பாங்க."

அந்த நேரம் பார்த்து அவள் புருசன் கருத்தப்பாண்டி, டி.வி.எஸ் வண்டியில் வேர்க்கட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். முனீஸ்வரி, தனக்குப் பக்கத்துணைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தாள். சதீஸ்குமார் அவனைக் கைகூப்பி வரவேற்றதில்தான் கெட்டது.

"வாங்க தொழிலதிபரே!"

கருத்தப்பாண்டி திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

விஷயம் விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் குடிசைக்குள் போய், மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"கம்பெனிக்கு என்ன பேரு?" என்று கேட்டார் சதீஸ்குமார்.

"கருப்பசாமி துணைன்னு போடுவமா?"

"இப்பல்லாம் அப்படி வைக்கிறதில்ல. கே.பி. எனர்ஜின்னு போடுறேன். கரின்னு எங்கயும் சொல்லிராதீங்க. இயற்கை எரிபொருள். தொழிலாளர்கள்?"

"இந்தா நிக்கிறா, இவ ஒருத்திதான்."

"பெண் தொழிலாளர் நூறு சதவீதம்!" என்று எழுதும்போது சதீஸ்குமாருக்கே உடம்பு சிலிர்த்தது. "சரி, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. போட்டோ எடுத்துக்கிருவோம்."

கருத்தப்பாண்டி கையைக் கட்டினான். பழக்க தோசத்தில் முதுகும் வளைந்தது.

"அப்படியில்ல. தொழிலதிபர் கை கட்டுற மாதிரி. நெஞ்சை நிமித்துங்க. தூரத்துல எதையோ பாக்குறீங்க."

"என்னத்தைப் பாக்க?"

"எதிர்காலத்தை."

கருத்தப்பாண்டி கண்மாய்க்கரைப் பக்கம் பார்த்தான். அங்கே யாரோ ஒரு ஆள் மாடு பத்திக்கொண்டு போனான்.

படம் எடுத்து முடிப்பதற்குள் புகை இன்னும் மெலிந்துவிட்டது. முனீஸ்வரி மறுபடி மண்ணை அள்ளினாள். சதீஸ்குமார் தொழிலதிபரைப் பார்த்தார். தொழிலதிபர் கடப்பாரையை எடுத்து, மூட்டத்தின் விலாவில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்.

"ஏங்க! கூறு கெட்டுப்போச்சா? காத்துப் போனா உள்ள பிடிச்சு எரிஞ்சிரும்."

"ஒருநாத்தான புள்ள. நாளைக்கு மதியம் படம் எடுத்த பின்னாடி அடைச்சுக்கிருவோம்."

"நீங்க மதியம் அடைக்கப்போறீகன்னு கரி காத்துக்கிட்டு இருக்குமாக்கும்? பாய்க்கு என்ன சொல்லுவீக?"

"பாய்க்கிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே பேச்சு வேற மாதிரில்ல இருக்கும்."

சதீஸ்குமாரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. ஜீப்புக்கு மறுபக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார். பொட்டலில் குரலைத் தாழ்த்தி என்ன, உயர்த்தி என்ன.

"சிலிண்டர் தீந்துபோச்சா? பக்கத்து வீட்டுல கேளு... போன மாசம் வாங்குனதா? சரி, அப்ப வேற வீட்டுல கேளு... சம்பளம் வந்ததும் வாங்கிருவோம்... வரும் சுபத்ரா. மீட்சிதான் வந்திருச்சுல்ல... உணரு. கொஞ்சம் முயற்சி பண்ணி உணரு."

திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். புகைக்கு நடுவில் அதை யாரும் கண்டுகொள்ள முடியாது.

மறுநாள் மதியம் பாதி ஊர் பொட்டலில் கூடிவிட்டது. மூட்டம் புகையை மறந்து தீயாகவே கக்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயில், அதற்கு மேல் இந்த அனல். எல்லோரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். கருத்தப்பாண்டி வெள்ளைச் சட்டையோடு கையை ஆட்டினான்.

"மேலருந்து பாத்தா தெரியுமாய்யா?" என்று சதீஸ்குமாரிடம் கேட்டாள் சந்தனம்மாள். பக்கத்துக் குடிசைக்காரி. "எங்க வீட்டு அடுப்புலயும்தான் புகை வருது. அதைக் கணக்குல எடுத்துக்கிற மாட்டாகளா?"

"என்ன எரிக்கிறீங்க?"

"கருவ முள்ளு. மழை பெஞ்சா பழைய செருப்பு."

"சிறுதொழில்ல சேத்துக்கலாம்" என்று குறித்துக்கொண்டார் சதீஸ்குமார்.

சாயங்காலம் சந்தனம்மாள் வாசலிலேயே ஒரு டயரைக் கொளுத்தினாள். அதைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து இன்னும் நாலு வீட்டில் கொளுத்தினார்கள். ஊரே இருமிக்கொண்டு மீட்சியை எதிர்பார்த்தது.

மூட்டம் ஆறியதும் முனீஸ்வரி மண்ணை வாரிவிட்டுப் பார்த்தாள். நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல். ஓரத்தில் பாதி வெந்தும் வேகாமலும் கட்டைகள். கரி என்று சொல்ல ஒரு கூடைகூடத் தேறவில்லை. அவள் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பாய் போன் செய்தார்.

"பேப்பர்ல போட்டோ பாத்தேன்மா. கருத்தப்பாண்டி மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான். ரொம்பச் சந்தோசம்."

"பாய், அந்தக் கரி..."

"இனி எனக்குச் சில்லறை லோடு அனுப்புறது உங்களுக்குக் கட்டுபடி ஆகாதுல்ல. நானே புரிஞ்சுக்கிட்டேன். அடுத்த காட்டை மாரிக்கண்ணனுக்கு விட்டுட்டேன். பாவம், அவன் இல்லாதப்பட்டவன். கம்பெனி வளந்தா நம்மளையும் நெனச்சுக்கங்க, என்ன?"

அடுத்த வாரம் ஜீப் மறுபடி வந்தது. சதீஸ்குமார் ஒரு பேனரையும் ஒரு தகரப் பலகையையும் இறக்கினார். பலகையில் 'மீட்சி பெற்ற குடும்பம்' என்று எழுதியிருந்தது. வாசலில் அடித்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் மூட்டம் முன்பைவிடப் பெரிதாக விழுந்திருப்பதாகவும், அது ஆலையின் இரண்டாம் கட்ட விரிவாக்கம் என்று பதிவாகியிருப்பதாகவும் சொன்னார். டயர்களின் புகையில் மாவட்டம் முதலிடத்துக்கு வந்துவிட்டதாம்.

"அப்புறம் ஒரு சின்ன விஷயம். நூறுநாள் வேலையிலருந்து உங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்தாச்சு. தொழிலதிபருக்கு எதுக்கு மண்வெட்டி? நல்லாருக்காது."

முனீஸ்வரி ஆத்திரத்தோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காடு போச்சு. கரி போச்சு. இப்ப நூறுநாள் வேலையும் போச்சு. மீட்சி, மீட்சிங்கிறீகளே, அது எங்கய்யா இருக்கு? கண்ணுல காட்டுங்க."

சதீஸ்குமார் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதாம்மா மீட்சி. இந்த மாவட்டத்துல எல்லாரும் உங்களைத்தான் பாக்குறாங்க. நீங்களே எங்கன்னு கேட்டா நான் யாரைக் கொண்டுபோய்க் காட்டுவேன்?"

கருத்தப்பாண்டி, கரி படிந்த வெள்ளைச் சட்டையோடு பலகையை வாங்கி, ஆணி தேடிக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போனான்.

"உணர்றோம்னு மட்டும் சொல்லிருங்க. மேல கேட்டிருக்காங்க" என்றார் சதீஸ்குமார்.

"உணர்றோம்யா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சதீஸ்குமார் குறித்துக்கொண்டார். ஜீப்பை நோக்கி நடந்தவர், மூட்டம் கிடந்த இடத்தில் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, ஓரத்தில் வேகாமல் கிடந்த கட்டைகளில் கைக்கு அடங்கியதைப் பொறுக்கினார். கொண்டுவந்த பேனரை விரித்து அதில் வைத்துச் சுற்றி, பின்சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

முனீஸ்வரி இன்னும் இரண்டு கட்டையை எடுத்து, சாம்பலைத் தட்டி, அந்தப் பேனர் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.