லேயர் மாறுது, இருங்க

தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் வியாதி எனக்கு உண்டு. நாற்பதை நெருங்கும் இந்த வயதில் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. இருபத்து மூன்று வயதில், வேலையில்லாமல், கையில் புது எச்.டி. கேமராவோடு இருந்தபோது அது முற்றிப்போயிருந்தது.

அப்போதுதான் என் அக்கா கவிதாவின் கல்யாணம் மைசூரில் நடந்தது. "வீடியோக்காரர் எதுக்குப்பா? பொண்ணையும் மாப்பிள்ளையையும் தாமரைப் பூவுக்குள்ள வெச்சு சுத்த விடுவாங்க. நான் எடுக்கறேன், எச்.டி.ல" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். (எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.)

கல்யாணத்துக்கு ஒரு முக்கியமான ஆள் வரவில்லை. மாப்பிள்ளை செந்தில் மச்சானின் தாய்மாமன், ஹனூர் சின்னசாமி மாமா. அப்பா இல்லாத மச்சானைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு டிராக்டரிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஊரில் சிலர், "கால் ஒடிஞ்சதெல்லாம் சும்மா, மனுசன் எதுக்கோ கோவிச்சுக்கிட்டாரு" என்று பேசிக்கொண்டார்களாம். புகுந்த வீட்டில் காலெடுத்து வைத்ததும் அக்காவுக்கு இந்தத் தலைவலி. மாமாவோ போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தாலி கட்டறதை மட்டும் கண்ணுல காட்டிப்போடுங்க தம்பி. அது போதும்."

"கட்டாயம் மாமா, எச்.டி.லயே காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் தம்பதிக்கு விருந்து வைக்கக் கூப்பிட்ட நாளுக்குள் படம் தயாராக வேண்டும். உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். ஒட்டினேன் என்பதுதான் சரி, ஏனென்றால் வெட்ட முடியவில்லை. முதல் நாள் மாலை வரவேற்பில் சாப்பிட்டவர்களில் யாரை வெட்டினாலும் சொந்தத்தில் ஒரு வீடு குறையும். கொள்ளேகால் பெரியப்பா ரசம் ஊற்றிக்கொள்வதே மூன்று நிமிடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவரோ சம்பந்தி வீட்டுக்காரர், அவர் பாயசம் முடிக்கும்வரை கேமராவை நகர்த்தியிருக்கவில்லை. கடைசியில் படம் ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது. சாதாரண டி.வி.டி.யில் அடங்காது. டூயல் லேயர் வேண்டும். அதாவது ஒரே தட்டில் இரண்டு அடுக்கு. கீழே ஒன்று முடிந்ததும் ப்ளேயர் மேலே உள்ளதற்கு மாறிப் படிக்கும்.

கடைக்காரர் இரண்டு விதம் எடுத்துப் போட்டார். ஒன்று சாதுவான வெள்ளை உறையில் இருந்தது. மற்றது ஊதா நிறத்தில் பளபளவென்று, பெட்டி மேலே பெரிய எழுத்தில் 8X வேகம் என்று போட்டிருந்தது.

"வெள்ளையை எடுத்துக்குங்க ஸார். ஸ்பீடு கம்மியா வெச்சு ரைட் பண்ணுங்க, ஆய்த்தா? அவசரப்பட்டா ரெண்டாவது லேயர் படிக்காது" என்று கன்னடம் கலந்து சொன்னார்.

"தெரியும் தெரியும்" என்று சொல்லி ஊதாவை வாங்கினேன். (வியாதி.)

வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே உச்ச வேகத்தில் ரைட் செய்தேன். முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பெரியப்பாவின் ரசத்தில் மிதந்த கொத்தமல்லிகூடத் தெரிந்தது. அதற்கு மேல் சோதித்துப் பார்ப்பது என் திறமையை நானே சந்தேகப்படுவது போலாகும் என்று நிறுத்திவிட்டேன்.

எச்.டி.யாக ரைட் செய்த தட்டு சாதாரண டி.வி.டி. ப்ளேயரில் ஓடாது. அதனால் நண்பனிடம் ப்ளூ-ரே ப்ளேயர் ஒன்றை இரவல் வாங்கி, தாம்பூலப் பையில் சுற்றி, பஸ்ஸில் ஹனூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அக்காவும் மச்சானும் முன் சீட்டில். புது மாப்பிள்ளையைவிட நான்தான் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

மாமா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் கட்டில், கட்டிலில் மாவுக்கட்டுக் காலோடு மாமா. எதிரே, தலையில் துணி போர்த்திய ஒரு பழைய டப்பா டி.வி. அதில் எச்.டி.க்கு வழியே இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைத்தான் குத்த முடியும். கொத்தமல்லி போச்சு. பெரியப்பாவின் முகமே குத்துமதிப்பாகத்தான் தெரிந்தது.

இருந்தாலும் படம் ஓடியது. வரவேற்பு, சாப்பாடு, மறுபடி சாப்பாடு. மாமா பொறுமையாகப் பார்த்தார். பிறகு விடிந்தது, மணவறை வந்தது, நாதஸ்வரம் வந்தது. மாமா தலையணையில் கையூன்றி நிமிர்ந்தார். மச்சான் தாலியை எடுத்து அக்காவின் கழுத்தருகே கொண்டுபோனார். கெட்டிமேளம் 'டம்' என்றது.

அங்கேயே நின்றுவிட்டது.

படத்தின் சரிபாதி. முதல் அடுக்கு முடியும் இடம். ப்ளேயருக்குள் ஏதோ சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் மச்சான் இரண்டு கையையும் அக்கா கழுத்தருகே நீட்டியபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உறைந்திருந்தார்.

"ஏனுங் தம்பி, என்னாச்சுங்க?" என்றார் மாமா.

"லேயர் மாறுது மாமா. ஒரு நிமிஷம் இருங்க."

ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. தட்டை எடுத்தேன், வேட்டியில் துடைத்தேன், ஊதினேன், மறுபடி போட்டேன். பெரியப்பா மறுபடி சாப்பிட்டார். மச்சான் தாலி கட்டவில்லை. முழுப் படமும் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது, கம்ப்யூட்டர் மைசூரில் இருந்தது.

"கழுத்த நெரிக்கறாப்பலயே நிக்கறானே" என்றார் அத்தை, மாமாவின் மனைவி. கூடம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. முகம் வாடி, மெதுவாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே உருகி வயரோடு வயராகப் போயிருக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்து உட்கார்ந்தார். "செந்திலு, நீயும் கவிதாவும் இப்படி வாங்க. மீதிய இங்கயே பண்ணிக் காட்டுங்க."

அத்தை மஞ்சள் தடவிய கயிற்றில் ஒரு மஞ்சள் கொம்பைக் கட்டிக்கொண்டு வந்தார். யாரோ சாப்பாட்டுத் தட்டில் மேளம் தட்டினார்கள். மச்சான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்ட, மாமா "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முடிச்சை எண்ணினார். கை நிறைய அரிசியை அள்ளி அவர்கள் தலையில் போட்டுவிட்டு, மீதி இருந்ததை என் தலையிலும் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்திருந்தாக்கூட கூட்டத்துல இவ்வளவு பக்கத்துல பாத்திருக்க முடியாதுங்க தம்பி" என்றார். கோபித்துக்கொண்டார் என்று பேசியவர்கள் அன்று விருந்தை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எனக்கு மன்னிப்பு கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் எதற்குத் திகைத்து நின்றாலும் "லேயர் மாறுது, இருங்க" என்பார்கள். சம்பளத்துக்கு என்ன ஆச்சு என்று அக்கா கேட்டு மச்சான் விழித்தால், அவர்கள் மகளே அதைச் சொல்கிறாள். அவள் டி.வி.டி.யைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். (வீடியோக்காரரை அப்பா ஆறு மாதம் முன்பே பேசி முடித்துவிட்டார்.) சின்னசாமி மாமா இரண்டு காலில் நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தாலியைக் கையில் வாங்கினேன். கெட்டிமேளம் முழங்கியது. கழுத்தருகே கொண்டுபோய், இரண்டு விநாடி அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் கல்யாண வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடும். அதில் மேளத்தையும் மீறி முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்கும்: "பொறுங்க, பொறுங்க, தம்பிக்கு லேயர் மாறுது!"