எச்-7 குறித்த தீர்மானம்

இணையம் மனிதர்களை ஒன்றிணைப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகம் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. அது மனிதர்களை அவரவர் கிரேடில் நிறுத்தி வைப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பேருண்மையை முதன்முதலாகக் கண்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிய பெருமை நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் ப்ளாக்கின் முல்லை பண்பாட்டு மன்றத்தையே சேரும். அந்த வரலாற்றில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. எவ்வளவு சிறியது என்பதையும் மன்றமே பின்னால் முடிவு செய்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை. மற்றவர்களுக்கு ஷிஃப்ட் மாறும். என் கான்ட்ராக்டருக்கு இரவில் ஆள் கிடைப்பதில்லை என்பதால் எனக்கு மாறாது. ஆக, என்னிடம் பெர்மனெண்டாக இருக்கும் ஒரே பொருள் நைட் ஷிஃப்ட். நான் பார்க்கும் சூரியன், வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கி வழியும்போது கண்ணாடியில் தெரிவதுதான்.

அப்படிப்பட்ட எனக்கு மன்றத்தின் அறிவிப்பு தெய்வ வாக்காக ஒலித்தது. பக்கத்து ப்ளாக்கின் மன்றம் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிவிட்டதாம். நாம் இன்னும் கரும்பலகையில் இருக்கிறோம் என்று தலைவர் சங்கரலிங்கம் பொதுக்குழுவில் கலங்கினார். உடனே தீர்மானம் போட்டார்கள். மன்றத்துக்கு இணையப் பக்கம் உருவாக்குகிறவர் 'இணையப் பொறுப்பாளர்' ஆவார். பகல் வேலை. மேசை உண்டு. மேசைக்கு மேல் ஃபேன் உண்டு.

ஃபேன் என்ற இடத்தில் நான் எச்.டி.எம்.எல். கற்பதென்று முடிவு செய்தேன்.

மன்றத்தின் ஒரே கம்ப்யூட்டர் நூலகத்தில் இருந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி அக்கா குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவரும் கான்ட்ராக்ட்தான். புத்தகம், தூசி, கேரம்போர்டு பவுடர், கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

"இன்னா பிரவீனு, தூங்கற நேரத்துல இங்க வந்து குந்திகினு இருக்க?"

"எச்.டி.எம்.எல். கத்துக்கறேங்க்கா."

"அது இன்னா வியாதி?"

"வெப் பேஜ் செய்யறதுக்கா. ஒரு குறியத் தொறக்கணும், விஷயத்த எழுதணும், குறிய மூடணும். அவ்ளோதான்."

"மூடலன்னா?"

"அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

"எங்க வூட்டுக்காரர் பேச்சு மாதிரின்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றினார்.

நான் கற்றேன். முதலில் கோப்பின் பெயரைத் தப்பாக முடித்து வைத்ததால், பிரௌசர் நான் எழுதிய குறிகளை எல்லாம் எழுதியபடியே காட்டியது. அந்த மன்றக் கட்டிடத்தில் அவ்வளவு ஒளிவுமறைவின்றி நடந்துகொண்டது அது ஒன்றுதான். பிறகு ஒருநாள் தடித்த எழுத்துக்கான குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தேன். பக்கம் முழுக்கத் தலைவர் மைக்கில் பேசுவதுபோல் ஆனது. "சத்தத்தக் கொறைடா," என்றார் அக்கா. மெல்ல மெல்லத் தலைப்பு, பத்தி, பட்டியல், படம் எல்லாம் வசப்பட்டன. அரைத் தூக்கத்திலேயே ஒரு மனிதன் இணையப் பக்கம் செய்ய முடியும் என்பதற்கு நான் உயிருள்ள சான்று. உயிர் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

பிறகு செயற்குழுவின் முன் என் அறிவை வைத்தேன். அங்கேதான் வரலாறு திரும்பியது.

"ஒரு பக்கத்துல தலைப்புக்கு ஆறு நிலை இருக்குங்க சார். எச்-1 பெருசு. அப்படியே எறங்கி எச்-6 சின்னது."

அறை அமைதியானது. கிரேடு பார்த்துக் குவார்ட்டர்ஸ் வாங்கி, கிரேடு பார்த்துக் கல்யாண வீட்டில் முன்வரிசை பிடித்து, கிரேடு பார்த்தே நடைப்பயிற்சியில் வணக்கம் வைக்கும் பெரியவர்களின் அமைதி அது. எனக்கு வாரக்கணக்கில் பிடிபடாத எச்.டி.எம்.எல். அவர்களுக்கு ஒரே நொடியில் பிடிபட்டுவிட்டது.

"அப்பம் எச்-1 எத்தனை போடலாம்?" என்று கேட்டார் தலைவர். அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"ஒரு பக்கத்துக்கு ஒண்ணு இருந்தா நல்லதுங்க சார்."

"நல்லதுன்னா நல்லதுதான். எழுதிக்கிடும், மருதாசலம்."

செயலாளர் மருதாசலம் கோயம்புத்தூர்க்காரர். எழுதிக்கொண்டே வாசித்தார். "'தலைவர் எச்-1ல் அமர்த்தப்படுகிறார்'னு போட்டுட்டனுங்க."

நான் பதறினேன். "சார், இது ஆளுங்களுக்கு இல்ல. பக்கத்துல எது முக்கியமான விஷயம், எது அதுக்கு அடுத்ததுன்னு காட்டறதுக்கு."

"அதத்தானய்யா நாங்களும் பேசுதோம்."

மினிட்ஸ் எழுதுபவர் என்ற தகுதியில் செயலாளர் எச்-2 ஆனார். துணைத் தலைவர்கள் இருவரும் வேலையில் சேர்ந்த தேதியை ஒப்பிட்டு எச்-3, எச்-4 ஆனார்கள். தோற்றவர் எச்-3-ஏ கிடைக்குமா என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் வகைகளில் 'ஏ' இருக்கிறது, இணையத்தில் இல்லை என்றேன். இணையத்தின் மேல் அவருக்கு மரியாதை குறைந்தது. பொருளாளருக்கு எச்-5. இணைச் செயலாளர் பாலகுமாருக்கு எச்-6. அவர் ஃபோர்மேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். தனக்கும் ஒரு நிலை கிடைத்ததில் அவர் முகம் மலர்ந்தது.

ஏழாவதாக இருந்தவர் செயற்குழு உறுப்பினர் சிவப்பிரகாசம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்தவர். அவருடைய முந்திரித் தோப்பு இருந்த இடத்தில் இப்போது ஆழம் இருக்கிறது.

"இன்னாப்பா, எனக்கு?"

"ஆறோட முடிஞ்சிடுச்சுங்க."

"எங்க ஊரு நெலத்த எடுக்கச்சொல்லோ, பக்கத்து வூட்டோட முடிஞ்சிடுச்சு, உன்னுதுல்லாம் வேணாம்னு யாரும் சொல்லலியே. எடுக்கறதுக்கு மட்டும் வரிசை முடியாது, குடுக்கறதுக்கு ஆறோட முடிஞ்சிடுமா?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் தீர்மானம் போடுவது மன்றத்தின் மரபு. 'எச்-7 இதன்மூலம் உருவாக்கப்படுகிறது.'

"இத யாரும் சாங்ஷன் பண்ணணுமா?" என்று தலைவர் கேட்டார்.

"இதுக்கு உலக அளவுல ஒரு கமிட்டி இருக்குங்க சார்."

"கமிட்டின்னா நம்ம ஆளுங்கதான். தகவலுக்கு ஒரு காப்பி அனுப்பிருங்க. நாம அதுக்குள்ள அமல்படுத்திருவோம்."

அமல்படுத்தினேன். அப்போதுதான் பிரௌசரின் குணம் தெரிந்தது. தெரியாத குறியைப் பார்த்தால் அது கோபப்படுவதில்லை, மெமோ கொடுப்பதில்லை. குறியைக் கண்டுகொள்ளாமல், உள்ளே இருக்கும் எழுத்தை அதன் இயல்பான அளவில் விட்டுவிடுகிறது. ஆனால் எச்-5ம் எச்-6ம் இயல்பான எழுத்தைவிடவே சின்னவை. ஒரு மனிதனைத் தலைப்பாக உயர்த்தி, அந்த உயர்வின் மூலமே அவனைச் சாதாரண ஆளைவிடச் சின்னவனாக்கும் அரிய ஏற்பாடு அது. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டவுன்ஷிப்பில் கொஞ்ச காலம் குடியிருந்திருக்க வேண்டும்.

மலர்விழி அக்கா திரையருகே குனிந்து பார்த்தார். "பாலகுமார் சார் பேரு எறும்பு மாதிரி இருக்குது. சிவப்பிரகாசம் அண்ணன் பேரு நல்லாத் தெரியுது. சொல்லப் போறியா?"

"தீர்மானத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்லக்கா."

"நல்லாக் கத்துகினடா."

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவருக்குச் செயலாளரும் செயலாளருக்குத் தலைவரும் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு பெரிய திரையில் பக்கம் மலர்ந்தது. சங்கரலிங்கத்தின் பெயர் ஊர்ப் பெயர்ப் பலகைபோல் நின்றது. கைதட்டல் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கி, எச்-6ல் நின்றுபோனது. பாலகுமார் நாற்காலியை விட்டு எழுந்து திரையை நோக்கி நடந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். இன்னும் நெருங்கினார். அவருடைய தலையின் நிழல் தலைவரின் பெயரை முழுவதும் மறைத்தது.

"என் பேரு எங்க?"

"நானு உனக்குக் கீழ இருக்கறேன் பாரு, அதுக்கு மேல தேடு," என்று கடைசி வரிசையிலிருந்து சிவப்பிரகாசம் உதவினார். "எனக்கு இங்கேர்ந்தே தெரியுது."

அன்று மாலையே என் மீது விசாரணை நடந்தது.

"ஏழாவது கிரேடுல உள்ளவன் பேரு, ஆறாவது கிரேடுல உள்ளவனவிட எப்படிய்யா பெருசாத் தெரியலாம்?" என்று கேட்டார் தலைவர்.

"பிரௌசருக்கு நம்ம கிரேடு தெரியாதுங்க சார்."

"தெரியலன்னா சொல்லிக்கொடு."

சொல்லிக்கொடுத்தேன். ஒரே வரி. சிவப்பிரகாசத்தின் பெயர் பாலகுமாருடையதைவிடச் சின்னதாகச் சுருங்கி, எழுத்தா தூசியா என்று தெரியாத நிலையை அடைந்தது. மன்றம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சிவப்பிரகாசம் திரையைப் பார்த்தார். "உடுப்பா. இது இன்னா, புதுசா?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்ததால் என் விஷயத்தை எடுத்தேன்.

"சார், பொறுப்பாளர் ஆர்டர் எப்ப வருங்க? அப்புறம், பக்கத்துக்குக் கீழ 'உருவாக்கியவர்கள்'னு என் பேரும் மலர்விழி அக்கா பேரும் போட்டுக்கலாமா? கம்ப்யூட்டர் குடுத்து, படிச்சுப் பார்த்து, தப்பு சொன்னது அவங்கதான்."

தலைவர் நெற்றியைத் தடவினார். "போடலாம். உழைச்சிருக்கீங்க, மறுக்கல. ஆனா கான்ட்ராக்ட் பேரு கமிட்டி பேரோட ஒரே பக்கத்துல வந்திச்சுன்னா, நாளைக்கு அதயே காட்டிப் பெர்மனெண்ட் கேப்பீங்க."

"பேரு இருக்கோணும், ஆனா வெளிய தெரியக்கூடாது," என்றார் மருதாசலம். "அப்படி ஏதாச்சும் குறி இருக்குதுங்களா, தம்பி?"

விளையாட்டாகத்தான் கேட்டார். பாடத்தை ஒழுங்காகப் படித்தவன் செய்யும் முட்டாள்தனத்தை நான் செய்தேன். உண்மையைச் சொன்னேன்.

"இருக்குங்க சார். கமெண்ட் குறி. அதத் தொறந்து எழுதி மூடினா, எழுதினது ஃபைல் உள்ள இருக்கும். பக்கத்துல யார் கண்ணுக்கும் தெரியாது."

தலைவரின் முகத்தில் அப்படியோர் ஒளியை நான் கண்டதில்லை. "இத்தன வருஷ சர்வீஸ்ல இந்த ஒரு ஏற்பாடுதானய்யா நமக்கு இல்லாம இருந்தது. கீழ எதுக்கு? மேலயே போடு. எம்பேருக்கும் மேல முதல் இடம் உங்களுக்கு. கண்ணுக்குத் தெரியாதுன்னா நமக்கென்ன குறைஞ்சா போச்சு?"

அவருடைய பெருந்தன்மைக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. என் நியமனமும் அதே முறையில் நிறைவேறியது. நான்தான் இணையப் பொறுப்பாளர். ஆனால் ஆர்டர் கிடையாது, சம்பளம் கிடையாது, வெளியே சொல்லக் கூடாது. நைட் ஷிஃப்ட் தொடரும். வேலை இருந்தால் பகலில் கூப்பிடுவார்கள். வெளியே தெரிவதற்காக, 'இணையப் பொறுப்பாளர் பதவி நிரப்பப்படவில்லை' என்று மருதாசலம் மினிட்ஸில் அழகாக எழுதிக்கொண்டார்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே கேரம்போர்டு இருந்தது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"தீர்மானத்துல இன்னா எழுதிக்கிறாங்க?"

"'கமெண்ட் குறியைத் திறந்து இருவர் பெயரையும் முதலிடத்தில் இடவும்.'"

"மூடச் சொல்லிக்கிறாங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னா, சொன்னத மட்டும் செய். நாமெல்லாம் கான்ட்ராக்ட்."

சொன்னதை மட்டும் செய்தேன். குறியைத் திறந்தேன். அவர் பெயரையும் என் பெயரையும் இட்டேன். கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

சாயந்திரம் அவசரக் கூட்டம். பெரிய திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எம்பேரு எங்கய்யா?" என்றார் தலைவர்.

"இருக்குங்க சார். உள்ள இருக்கு. வெளிய தெரியாது."

"என்னது?"

"கமெண்ட் குறிய மூடலன்னா, அதுக்குக் கீழ இருக்கற எல்லாமே அதுக்குள்ள போயிடுங்க சார்."

"எப்பம் வெளிய வரும்?"

"மூடினா வரும். மூணே மூணு எழுத்து அடிக்கணும். ஆனா அத அடிக்க வேண்டியது இணையப் பொறுப்பாளருங்க."

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் மினிட்ஸைத் திருப்பினார். அவர் கையெழுத்து மிகத் தெளிவானது.

"அப்படி யாரும் இல்லைங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

பாலகுமார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளைத் திரையில் தேடிக்கொண்டிருந்தார். சிவப்பிரகாசம் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தார். "இப்பதான்யா எல்லாரும் ஒரே சைஸ்ல இருக்கறோம்."

பதவியை நிரப்புவது குறித்து ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு எழுத்தில் ஆர்டர் கொடுப்பதா, காலமெல்லாம் வெள்ளையாக இருப்பதா என்று அது ஆராய்ந்துகொண்டே இருக்கிறது. அதுவரை முல்லை பண்பாட்டு மன்றத்தின் பக்கம் உலகம் முழுவதும் தூய வெண்மையாகத் திறக்கும். யாரும் கவலைப்பட வேண்டாம். ஒருவர் பெயரையும் நான் அழிக்கவில்லை. எச்-1 முதல் எச்-7 வரை அத்தனை பேரும் எங்கள் இருவருக்கும் கீழே பத்திரமாக உள்ளே இருக்கிறார்கள். உள்ளே இருந்துகொண்டே வெளியே தெரியாமல் இருப்பது ஆரம்பத்தில் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். நாங்கள் பழகிவிட்டோம். அவர்களுக்குச் சீக்கிரம் பழக வேண்டுமென்றால் என் கான்ட்ராக்டரிடம் சொல்லி வைக்கிறேன். அவருக்கு நைட் ஷிஃப்டுக்கு எப்போதும் ஆள் தேவை.