பைலட்டின் முப்பத்தைந்தாவது வயது

"தொப்பி காதுவரைக்கும் இறங்குதே!" என்று அலறினார் லிஃப்ட் மெக்கானிக்.

"ஓட்டல் வாசல்ல நிக்கிறவர்கிட்ட இரவல் வாங்கினது, அவருக்குத் தலை பெருசு. அதுக்கு நான் என்ன பண்றது?" மனைவி தொப்பிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்தாள்.

வினை ஏழு வயதில் பிடித்தது. பிள்ளைகள் வளர வளர, ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை படம்பிடித்து டிவியில் தொடராகக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு டைரக்டர் வந்தார். பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்டார். "பைலட்!" வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பதினாலில் அதையே சொன்னார். இருபத்தொன்றில் "ட்ரெயினிங்ல இருக்கேன்" என்றார். இருபத்தெட்டில் ஒரேயடியாகப் பறந்தேவிட்டார். வெட்கத்தில் ஒரு பாகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை யூனிஃபார்மோடு நிற்கவேண்டுமாம்.

அழைப்பு மணி அடித்தது. டைரக்டரும் கேமராமேனும் ஒரு பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியிருந்தார்கள்.

"ஷூட்டிங் வண்டி ரிப்பேர்," என்றார் டைரக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "அதென்ன, சட்டைப் பையில ஓட்டல் பேரு?"

"பைலட்டுங்க எல்லாம் அங்கதான் சார் தங்குவாங்க," என்றாள் மனைவி.

மாடிவீட்டம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "மெக்கானிக்! எங்க வீட்டுக்காரரு லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு!"

"யாரும்மா மெக்கானிக்? நான் பைலட்."

"புத்தி கெட்டுப்போச்சா? நேத்து நீங்கதானே அதுக்கு எண்ணெய் போட்டீங்க!"

"ஐயோ, மூச்சு முட்டுதே!" என்று லிஃப்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் மனசு கேட்கவில்லை. தொப்பியும் ஸ்பேனருமாக ஓடினார். இரண்டே நிமிஷத்தில் லிஃப்ட் இறங்கிக் கதவு திறந்தது. மாடிவீட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, தொப்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எந்த ஓட்டலுங்க?"

அவ்வளவுதான், மெக்கானிக் உடைந்துபோனார். படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "எல்லாம் பொய் சார்! நான் வெறும் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருஷமா ஊரையே ஏமாத்தறேன். இத டிவியில போட்டுடாதீங்க சார், தெருவுல தலைகாட்ட முடியாது!"

டைரக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார்.

கேமராமேன் கேமராவைக் கீழே வைத்தார்.

"விடுங்க சார், அந்தத் தொடரு ரெண்டாவது பாகத்தோட நின்னுபோச்சு. எங்க மாமா அப்போலேருந்து ஸ்கூல் வேன்தான் ஓட்டுறாரு. உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் அவரு இன்னும் டைரக்டர்."