ஆக்சிலரேட் தேர்வில் சிறுத்தை ஃபெயிலான கதை

ஒரு காட்டில் மரத்துக்கு மரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். 'ஆக்சிலரேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் பயன்பாடும் கற்று, சர்டிபிகேட் வாங்காதவர்கள் இனிமேல் ஓடக் கூடாது, நடக்கலாம். யார் போட்ட உத்தரவு என்று என்னைக் கேட்காதீர்கள். கீழே ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, காட்டுக்கு அது போதும்.

பாடம் நடத்த ஏகாம்பரம் என்ற ஆமையை நியமித்தார்கள். வேகத்தைப் பற்றி அவரிடம்தான் நோட்ஸ் இருந்தது.

வகுப்பில் இரண்டே பேர். முன்பெஞ்சில் மரிக்கொழுந்து என்ற மான், கடைசி பெஞ்சில் வீரபாகு என்ற சிறுத்தை. சிறுத்தை மட்டும் பாஸாகிவிட்டால் தன் கதை முடிந்தது என்று மானுக்குத் தெரியும். பாவம், மேயும்போதும் அசைபோடும்போதும் நோட்ஸை உருப்போட்டாள்.

தேர்வு நாள் வந்தது. "அர்த்தம் சொல்லி, வாக்கியத்தில் அமைச்சுக் காட்டுங்க" என்றார் ஆமையார்.

சிறுத்தை எழுந்தது. "வேகத்தைக் கூட்டுறது சார். மானைப் பார்த்ததும் நான் ஆக்சிலரேட் பண்ணுவேன்."

"தப்பு. நோட்ஸ்ல மானே இல்ல. ஃபெயில். ஆறு மாசம் கழிச்சு வா."

மான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: "வேகத்தைக் கூட்டுதல். ஓட்டுநர் மேம்பாலத்தில் காரை ஆக்சிலரேட் செய்தார்." அவள் காரையும் பார்த்ததில்லை, மேம்பாலத்தையும் பார்த்ததில்லை.

"சபாஷ்! நூத்துக்கு நூறு."

மானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆமையார் சர்டிபிகேட் எழுத உட்கார்ந்தார். காலையில் அவள் பெயரைத் தொடங்கியவர், உச்சிவெயிலில் பாதிப் பெயரைத்தான் தாண்டியிருந்தார்.

"சார், கொஞ்சம் ஆக்சிலரேட் பண்ணுங்க சார்" என்று கெஞ்சினாள் மான்.

"அந்த வாக்கியம் நோட்ஸ்ல இல்லையேம்மா" என்றார் அவர்.

இதற்குள் சிறுத்தைக்குப் பசி காதை அடைத்தது. ஓட முடியாது, சட்டத்தை மதிக்கிற பிராணி. நடந்தே போய்ப் பிடிக்கக்கூடிய கறி ஏதாவது உண்டா என்று சுற்றுமுற்றும் பார்த்தது. மேசைக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது.

நிதானமாக நடந்து போய், ஓட்டைத் திருப்பிப் போட்டது. மிச்சத்தை நான் சொல்லப்போவதில்லை, குழந்தைகளும் படிப்பார்கள்.

ஏப்பம் விட்டுவிட்டு, சிறுத்தை சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தது. "இதுல சார் கையெழுத்து இல்லையே தங்கச்சி. நீயும் ஓடக் கூடாது."

"நீங்கதான் ஃபெயிலாச்சேண்ணே. நீங்களும் ஓடக் கூடாது" என்றாள் மான், நாலு எட்டு தள்ளி நடந்தபடி.

இன்றைக்கும் அந்தக் காட்டில் மான் முன்னால் நடக்கிறாள், சிறுத்தை பின்னால் நடக்கிறது. இருவருக்கும் நடுவே அதே நாலு எட்டு.

நீதி: ஒருவரை ஃபெயிலாக்குவதற்கு முன், சாப்பிட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.