பேச்சுலர்களுக்கு வரி போட்ட ரிபேட் அண்ணன்

நெய்வேலியில் நிலக்கரி தீர்ந்தாலும் தீரும், ரிபேட் அண்ணனுக்கு வருமான வரி மேல் இருந்த கோபம் தீராது. வரியில் ரிபேட், அதாவது தள்ளுபடி, கேட்டுக் கேட்டே வந்த பட்டப்பெயர் அது; சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். திருவதிகைக்காரர், மைன்ஸ் ஸ்டோரில் கிளார்க். எழுபதுகளில் எங்கள் பிளாக்கில் அவருக்கு எதிர் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேச்சுலர்கள் குடியிருந்தோம். என்ன பாவம் செய்தோமோ!

பிப்ரவரி சம்பளத்தில் வருஷ வரியை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். இளைத்துப்போன சம்பளக் கவரோடு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

"உனக்கும் எனக்கும் ஒரே சம்பளம், ஒரே வரி. நீ தனி ஆளு, லுங்கியக் கட்டிக்கினு ரேடியோ கேக்குற. எனக்கு நாலு புள்ளைங்க, பெரியவ காலேஜு. நியாயமா தம்பி?"

"சட்டம் நான் போட்டதில்லையே அண்ணே!"

"இன்சூரன்ஸ் கட்டுனா ரிபேட்டு உண்டாம், காலேஜு பீஸு கட்டுனா கெடையாதாம். நான் செத்தா வர்ற பணத்துக்குச் சலுகை, எம் பொண்ணு உசுரோட உக்காந்து படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எந்த ஊரு நியாயம் இது?"

டெல்லிக்கு மாதம் ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார். பதிலே இல்லை. கடைசியில் தானே சர்க்கார் ஆகிவிட்டார். கார்பன் வைத்து எழுதிய நோட்டீஸ் எங்கள் மூவருக்கும் வந்தது. 'படிக்கிற பிள்ளை இல்லாத வீட்டுக்கு வரி. வாரம் இரண்டு மணி நேரம். ரொக்கம் பெறப்படாது.'

கணேசனுக்கு இங்கிலீஷ் பாடம், எனக்குக் கணக்கு. மூன்றாமவன் முருகேசன், "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று நழுவப் பார்த்தான். "அப்ப எங்க வூட்டுக்கு ரேஷன் க்யூவுல நில்லு" என்றார். வரி கட்டாதவன் வாசலில் விடியற்காலை நின்றுகொண்டு பட்ஜெட் உரையை உரக்கப் படிப்பார். ஒரே நாளில் வழிக்கு வந்துவிட்டோம்.

சிரிக்கிற விஷயமும் இல்லை அது. பெரியவள் வசந்தா பி.யு.சி. கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். இன்னொரு தடவை போனால் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான். பண்ருட்டி மாமா ஜாதகத்தோடு தயாராக இருந்தார். "இந்த ஒரு பேப்பரத் தாண்டிட்டா போதும் தம்பி" என்று ரிபேட் அண்ணன் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியிருந்தது.

அடிப்படையிலிருந்து தொடங்கலாமென்று ஒரு சதவீதக் கணக்கை எடுத்தேன். 'ஒருவர் தன் வருமானத்தில்...' அவ்வளவுதான் வாசித்தேன். நடுவில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தவர் குறுக்கே பாய்ந்தார்.

"அவனுக்கு எத்தினி புள்ளைங்க? அதச் சொல்லாம எப்படிக் கணக்குப் போடுறது?"

"அப்பா, புஸ்தகத்துல இல்லப்பா!" வசந்தா அழாத குறை.

அந்த லட்சணத்திலும் பெண் பாஸ் பண்ணிவிட்டாள். மாமா கொண்டுவந்த பலாப்பழத்தை வைத்துவிட்டு, ஜாதகத்தோடு பஸ் ஏறினார். எனக்கு ஒரு ரசீது வந்தது. 'வரி முழுவதும் பெறப்பட்டது.' கீழே ஸ்டோர் முத்திரை வேறு!

எட்டு வருஷம் ஓடிப்போயிற்று. எனக்குக் கல்யாணமாகிவிட்டது. அவர் பிள்ளைகள் நாலு பேரும் படித்து முடித்துவிட்டார்கள். ஊரில் அப்பா தவறிப்போகவே, தங்கை என்னோடு வந்து விருத்தாசலம் காலேஜில் சேர்ந்தாள். இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். எனக்கோ முதல் ஷிஃப்ட், மனைவி பிள்ளை பெற்ற உடம்பு. யார் கொண்டுபோய் விடுவது? இரவெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொண்டு காலையில் கதவைத் திறந்தால், வாசலில் சைக்கிளோடு ரிபேட் அண்ணன்.

"என்னண்ணே இந்நேரத்துல?"

"எங்க வூட்டுல இப்ப படிக்கிற புள்ள இல்ல. நான் வரி கட்ட வேணாமா? எனக்குக் கணக்கு வராது தம்பி, சைக்கிள் வரும். பாப்பாவ ஏறச் சொல்லு."

மூன்று வருஷம் கட்டினார். தங்கை பாஸான அன்றைக்கு நானே ஒரு ரசீது எழுதிக்கொண்டு போனேன். இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"முத்திரை எங்கடா?" என்றார்.

அதுவரை ஒரு நாளும் என்னை 'டா' போட்டவரில்லை. சொந்த அண்ணன் இல்லாத குறை எனக்கு அன்றோடு தீர்ந்தது.